ஏறிப் போக முடியாத தேர்கள்

ஆடிப்பூரம் நெருங்கிவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் தூசியோடு ஒரு சண்டை தொடங்கும். ஆண்டு முழுக்க நிலையில் நின்ற பெரிய தேரின் அடிப்பாகத்தில், யாளியின் வாய்க்குள், குதிரையின் கடிவாளத்தில், இராமாயணச் சிற்பங்களின் இடுக்குகளில் அழுக்கு அடைந்து கிடக்கும். அது அத்தனையும் போக வேண்டும். தேரோட்டத்துக்கு முன் தீயணைப்பு வண்டியை வரவழைத்துக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சித் தேரைக் கழுவிவிடுவது தென்மாவட்டக் கோயில் ஊர்களில் வழக்கமாகிவிட்ட காட்சி. கழுவிக் காய்ந்தபின் பழைய மரம் கறுத்து மின்னும்.

இதற்கு நேர் எதிரான வேலையில் மெனக்கெடுகிற ஒரு கூட்டமும் உலகில் உண்டு. கையளவு பிளாஸ்டிக் காரை உறுப்பு உறுப்பாக ஒட்டி முடித்து, பளபளவென்று வண்ணமும் அடித்துவிட்டு, பிறகு அதன்மேல் தூசியையும் துருவையும் சேற்றுத் தெறிப்பையும் வாரக்கணக்கில் உட்கார்ந்து ஏற்றுவார்கள். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘வெதரிங்’. புதிய பொம்மையைப் பழைய வண்டியாக்கும் கலை அது. பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் மூன்றும் வளர்த்த பொழுதுபோக்கு. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இதற்கென்று ஒரு கடைத்தெரு உருவானதில்லை. ஆனால் பெரிய வண்டியைச் சின்னதாகச் செய்து பார்க்கும் ஆசை இந்த மண்ணுக்குப் புதிது என்று யாராவது சொன்னால், அவர் சங்க இலக்கியத்தைப் புரட்டவில்லை என்று பொருள்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பத்துப்பாட்டில் இரண்டு பாட்டுகளைப் பாடியவர். இரண்டிலும் குழந்தைகளின் தேர் வருகிறது. பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துப் பெண் ஒருத்தி காயவைத்த தானியத்தைக் கொத்த வரும் கோழியை விரட்டத் தன் பொன் காதணியைக் கழற்றி வீசுகிறாள். அது போய்த் தெருவில் விழுந்து, சிறுவர்கள் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேருக்குத் தடையாகிறது. ஊரின் செல்வத்தைச் சொல்ல வந்த புலவருக்கு அந்தப் பொம்மை வண்டியின் சக்கரக் கணக்கும் முக்கியமாகப் பட்டிருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையிலோ, தச்சர்கள் செய்து கொடுத்த, ஏறிப் போக முடியாத அழகிய தேரை உருட்டிக் களைத்த உழவர் வீட்டுப் பிள்ளைகள் செவிலியரிடம் பால் குடித்துவிட்டுத் தூங்கிப் போகிறார்கள். குறுந்தொகையின் 61-ஆம் பாட்டில் தும்பிசேர் கீரனும் இதையேதான் எடுத்துக்கொள்கிறார். தச்சன் செய்த குதிரை பூட்டிய சிறு வண்டியில் பிள்ளைகள் ஏறிச் செல்வதில்லை. கையால் இழுத்தே மகிழ்கிறார்கள். தோழி தன் தலைவியின் நிலையைச் சொல்ல அதை உவமையாக்குகிறாள்.

மூன்று பாட்டுகளையும் சேர்த்து வைத்தால் ஒரு தொழிலின் தடம் தெரிகிறது. பொம்மைத் தேர் செய்தவர் தனியாகப் பொம்மைக்காரர் அல்லர். பெரிய தேரையும் வண்டியையும் செய்கிற அதே தச்சர்தான். சக்கரம், அச்சு, கொடிஞ்சி என்று முழுவண்டியின் இலக்கணம் தெரிந்த கைதான் சிறியதையும் செய்தது. பார்ப்பவருக்கு ‘இது தேர்’ என்று உடனே படுமளவுக்கு உருவம் ஒத்திருந்தது; ஏறுவதற்கு மட்டும் ஆகாது. இன்றைய மாடல் காருக்கும் இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

வண்டியைச் சுருக்கிப் பார்த்தவர்கள் தமிழர் மட்டுமல்லர். ஹரப்பா, சான்ஹுதாரோ அகழாய்வுகளில் சுடுமண் வண்டிகள் ஏராளமாகக் கிடைத்தன. மகாராஷ்டிரத்தின் தைமாபாத்தில் 1974-ல் ஓர் உழவரின் கையில் அகப்பட்ட வெண்கலத் தேரில் இரட்டை மாடும், நின்றபடி ஓட்டுகிற மனிதனும் இருக்கிறார்கள். சூத்ரகரின் வடமொழி நாடகமான மிருச்சகடிகம் தன் பெயரையே ஒரு மண் பொம்மை வண்டியிலிருந்து எடுத்துக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பையனின் பொன்வண்டிக்கு ஏங்கி அழும் ஏழைச் சிறுவனின் மண்வண்டியில் வசந்தசேனை தன் நகைகளை அள்ளிப் போடுகிறாள். விலை உயர்ந்த மாடலைப் பார்த்து ஏங்குவது அன்றே தொடங்கிவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இந்தக் கதையில் தனி இடம் உண்டு. கண்ணனைக் குழந்தையாக்கி, அவன் தாலாட்டையும் சப்பாணியையும் தளர்நடையையும் பாடிய பெரியாழ்வாரின் ஊர் இது. பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகைக்கு அவர் பாட்டுகளே முன்னோடி என்பது பொதுவான கருத்து. 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன்மேல் பாடிய பிள்ளைத்தமிழ் அந்த வகைக்குத் தனிநூல் வடிவம் தந்தது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் கடைசி மூன்று சிற்றில், சிறுபறை, சிறுதேர். அதாவது, தமிழ்க் கவிதை ஆண் குழந்தையை வளர்த்து வளர்த்துக் கடைசியில் அவன் கையில் ஒரு மாடல் வண்டியைக் கொடுத்துவிட்டு விடைபெறுகிறது. 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் வைத்தீசுவரன்கோயில் முத்துக்குமாரசுவாமிக்குச் சிறுதேர் பாடினார். அவரே மதுரை மீனாட்சிக்குப் பாடியபோது அந்த இடத்தில் ஊசல்தான் வந்தது. பெண் குழந்தைக்கு அம்மானையும் நீராடலும் ஊசலும், தேர் கிடையாது. புலவர்களும் அந்தக் காலப் பொம்மைக்கடைக்காரர்களைப் போலத்தான் யோசித்திருக்கிறார்கள்.

ஆண்டாள் இதற்குக் கட்டுப்படவில்லை. நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகம் முழுக்கச் சிற்றில் பற்றியது. தெருவில் மணல் கொழித்து, முதுகு நோக உட்கார்ந்து கட்டிய சிறு வீட்டைக் கண்ணன் வந்து சிதைக்கிறான். சிதைக்காதே என்று சிறுமியர் மன்றாடுகிறார்கள். மாடல் செய்பவர் எவரும் அறிந்த வேதனை அது. நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்த முதுகுவலியையும், முடிந்த வேலையை வீட்டுச் சிறுவன் ஒரு நொடியில் தட்டிவிடுகிற கோபத்தையும் இவ்வளவு நேராகச் சொன்ன பாட்டு வேறு மொழியில் இருந்தால், மாடல் கலைஞர்கள் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள்.

அதே ஆண்டாளுக்குத்தான் ஆடி மாதம் பூர நட்சத்திரத்தன்று தமிழகத்தின் மிகப் பெரிய தேர்களில் ஒன்று ஓடுகிறது. ரங்கமன்னாரோடு அவள் ஏறி வரும் அந்தத் தேரைத் தச்சுக்கண்ணோடு பார்த்தால், அது இரண்டு பொருள்களின் சேர்க்கை என்பது புரியும். கீழே நிரந்தரமான மர உடல். மேலே ஆண்டுதோறும் கட்டிப் பிரிக்கிற கூடு.

மர உடலின் கணக்கைத் தச்சர்கள் கீழிருந்து மேலாகச் சொல்வார்கள். சக்கரம், அச்சு, அதன்மேல் பூதப்பார், பிறகு ஒன்றைவிட ஒன்று வெளியே விரிந்து வரும் சிற்ப அடுக்குகள், தேவாசனம், சிம்மாசனம். இலுப்பை தேருக்கு உகந்த மரம் என்பது தொழிலின் நெடுநாள் முடிவு. தேக்கும் வேங்கையும் உண்டு. ஒரு சட்டத்தின் கழுந்து மற்றதன் துளைக்குள் இறங்கி, ஆப்பு அடித்து இறுக்கப்படும். வெளியே இரும்புப் பட்டம். ஆணியை நம்பி நிற்கும் பொருள் அல்ல அது. தெருவில் திரும்பும்போது தேர் குலுங்கும். குலுக்கலுக்கு ஏற்ப மூட்டுகள் கொஞ்சம் அசைந்து கொடுக்க வேண்டும். அசையவே அசையாத மூட்டு உடைந்துவிடும்.

மேற்கூடு வேறு இனம். மூங்கில், பனை, சவுக்குக் கழிகள், கயிறு, தேர்ச்சீலை, தொங்கும் தொம்பைகள், உச்சியில் கலசம். தேரோட்டத்துக்குச் சில வாரங்களுக்கு முன் கட்டத் தொடங்கி, ஓடி முடிந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். அச்சடித்த கட்டுமானக் குறிப்பு இதற்குத் தேவைப்பட்டதில்லை. எந்தக் கழி எந்த மூலைக்கு, எந்த முடிச்சு எத்தனை சுற்று என்பது தேர் கட்டும் குடும்பங்களின் கைக்கணக்கு. ஆடியில்தான் இந்தப் பக்கம் காற்றும் பேய்த்தனமாக அடிக்கும். செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழைகிற தென்மேற்குக் காற்று சீலையில் மோதும். அந்த இழுப்பையும் தாங்கும்படி கட்ட வேண்டும்.

பழைய மரச் சக்கரங்களோடு தேர் ஓடிய நாட்களில் ஒரே நாளில் நிலைக்கு வருவது அரிது. சக்கரம் மண்ணில் புதைந்து நின்றுவிடும். பின்னாலிருந்து நீண்ட தடிகளைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து நெம்பித் தள்ள வேண்டும். முன்னால் சறுக்குக்கட்டை போடுபவர் சக்கரம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதைக் கட்டையைச் சாய்த்து வைக்கும் கோணத்தில் தீர்மானிப்பார். ஸ்டியரிங் இல்லாத வண்டிக்கு அவர்தான் ஸ்டியரிங், அவர்தான் பிரேக். உயிரைக் கையில் பிடித்துச் செய்கிற வேலை. திருவாரூர் ஆழித்தேர் 1920-களில் தீக்கிரையாகி 1930-ல் மீண்டும் உருவாகி, இடையில் நின்றுபோய், 1970-ல் மறுபடி ஓடியபோது திருச்சி பெல் ஆலையின் இரும்புச் சக்கரங்கள் வந்தன. பிறகு ஒவ்வொரு பெரிய தேராக இரும்புக்கும் ஹைட்ராலிக் பிரேக்குக்கும் மாறியது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரிய தேரும் இன்று இரும்புச் சக்கரத்தில்தான் ஓடுகிறது. வடம் பிடிக்கும் கூட்டம் மட்டும் குறையவில்லை.

அந்த ஊரிலேயே பெரிய தேருக்கு ஒரு தம்பியும் இருக்கிறது: செப்புத்தேர். பங்குனித் திருக்கல்யாண விழாவில் அது வீதி வருகிறது. தமிழ்க் கோயில்களில் அளவைக் குறைப்பது குறையாகக் கருதப்பட்டதே இல்லை. பெரிய தேர், சின்னத் தேர், சப்பரம், அதையும்விடச் சிறிய கேடயம் என்று ஒரே உருவம் பல அளவில் இறங்கி வரும். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர்ச் சிற்பிகள் தெருவை அடைக்கும் தேரும் செய்வார்கள். வரவேற்பறை மேசைக்கான தேரும் செய்வார்கள். அந்த மரச் சிற்பத்துக்கும், நெட்டித் தக்கையைச் சீவிப் பெரிய கோயிலையே உள்ளங்கை அளவில் கட்டிக் காட்டும் தஞ்சாவூர் நெட்டி வேலைக்கும் 2020-ல் ஒன்றாகப் புவிசார் குறியீடு கிடைத்தது. அயல்நாட்டார் ‘ஸ்கேல் மாடல்’ என்று தனித் துறையாக வைத்திருப்பதை நம் ஊர் ‘கைவினைப் பொருள்’ என்ற கூடையில் போட்டுவிட்டது. அதனால்தான் அதன் வரலாறும் யாராலும் தொகுக்கப்படவில்லை என்று தோன்றுகிறது.

பட்டினப்பாலையின் மூன்று சக்கரத் தேர் எங்கும் போய்விடவில்லை. நடைவண்டி என்ற பெயரில் போன தலைமுறை வரை விருதுநகர் மாவட்டத்து வீடுகளில் உருண்டுகொண்டிருந்தது. பின்னால் இரண்டு சக்கரம், முன்னால் ஒன்று, பிடித்து நிற்க ஒரு குறுக்குக் கட்டை. மாட்டுவண்டி செய்யும் ஆசாரியின் பட்டறையில் குடத்துக்கும் ஆரக்காலுக்கும் வட்டைக்கும் அறுத்துப் போக மிஞ்சிய துண்டுகளுக்குக் குறைவே இல்லை. வாடிக்கையாளர் வீட்டில் பேரன் பிறந்திருந்தால் அதில் ஒரு நடைவண்டி பிறக்கும். டிராக்டரும் டயர் வண்டியும் வந்து மாட்டுவண்டிப் பட்டறைகள் மூடத் தொடங்கியதும் நடைவண்டியும் பிளாஸ்டிக் வாக்கருக்கு இடம் விட்டது. பெரிய வண்டி போனால் சின்ன வண்டியும் போகும். சங்க காலத்திலிருந்து இரண்டுக்கும் ஒரே தச்சர்தானே.

ஆசாரி செய்து தராத பிள்ளைகள் தாமே செய்துகொண்டார்கள். பனை மிகுந்த வட்டாரம். நுங்கு குடித்த கூந்தல் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளினால் நுங்குவண்டி. தீப்பெட்டிகளை ஒன்றோடொன்று செருகினால் லாரியும் ரயிலும். சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய 1923-க்குப் பிறகு இந்த வட்டாரத்துக் குழந்தைகளுக்கு அந்த மூலப்பொருளுக்குத் தட்டுப்பாடே இருந்ததில்லை. வேடிக்கை என்னவென்றால், உலகம் முழுக்க விற்ற ஒரு பொம்மைக் கார் வரிசையும் தீப்பெட்டியிலிருந்துதான் பிறந்தது. லண்டனில் லெஸ்னி நிறுவனத்தின் ஜாக் ஓடெல், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே பள்ளிக்குக் கொண்டுவரலாம் என்ற விதிக்கு ஏற்பத் தன் மகளுக்கு ஒரு குட்டி ரோடு ரோலரைச் செய்து கொடுத்தார். 1953-ல் ‘மேட்ச்பாக்ஸ்’ கார்கள் கடைக்கு வந்தன. சிவகாசிப் பிள்ளைகள் பெட்டியையே வண்டியாக்கினார்கள். லண்டன்காரர் வண்டியைப் பெட்டிக்குள் வைத்து விற்றார்.

உறுப்புகளை ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் கிட்டின் வரலாறும் மரத்தில்தான் தொடங்குகிறது. ஜப்பானின் ஷிசுவோகாவில் 1946-ல் யோஷியோ தமியா தொடங்கியது ஒரு மரக்கடை. வீடு கட்டும் மரத்தோடு பள்ளிப் பிள்ளைகளுக்கான மர மாடல்களும் விற்றார்கள். அமெரிக்க பிளாஸ்டிக் கிட்டுகள் வந்து இறங்கியதும் மர மாடல்கள் அலமாரியிலேயே தங்கின. 1960-ல் தமியா முதல் பிளாஸ்டிக் கிட்டாக யமாட்டோ போர்க்கப்பலை வெளியிட்டது, அது நட்டம். பிறகு வந்த பாந்தர் டாங்க் நன்றாக விற்றது. அந்த டாங்க் ஏன் 1/35 அளவில் இருந்தது? உள்ளே மோட்டாரும் பேட்டரியும் வைக்க அவ்வளவு இடம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். பேட்டரியின் பருமன் தீர்மானித்த அந்த விகிதம் பிறகு உலகத்துக்கே ராணுவ மாடல்களின் அளவுகோலாகிவிட்டது. சிகாகோவின் மோனோகிராம் நிறுவனமும் 1945-ல் பால்சா மரத்தில்தான் தொடங்கியது.

கார்களின் பக்கம் அமெரிக்கா முந்தியது. 1950-களின் தொடக்கத்தில் ரெவெல் வெளியிட்ட ‘ஹைவே பயனியர்ஸ்’ வரிசை பழங்காலக் கார்களை 1/32 அளவில் வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தது. டெட்ராய்ட் கார் கம்பெனிகளுக்காக விளம்பர மாடல்கள் செய்துவந்த ஏ.எம்.டி., 1958-லிருந்து அந்தந்த ஆண்டுக் கார்களையே கிட்டாக விற்றது. பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ், 1949-ல் ஃபெர்குசன் டிராக்டர் கம்பெனியின் விற்பனையாளர்களுக்குச் சிறு மாடல் செய்து கொடுத்ததில் இந்தத் தொழிலுக்குள் நுழைந்தது. கார்களுக்கு இன்று அதிகம் புழங்கும் அளவு 1/24. ஓர் அடி அரை அங்குலமாகும் கணக்கு. அந்த அளவில் அம்பாசடர் கார் 18 சென்டிமீட்டர் நீளம் வரும். 192 அடி என்று சொல்லப்படும் ஸ்ரீவில்லிபுத்தூர் ராஜகோபுரத்தை அதே அளவில் செய்தால், செய்தவரைவிட உயரமாக 8 அடியில் நிற்கும்.

கைத்திறன் இருந்தும் பிளாஸ்டிக் மாடல் ஏன் இங்கே வேர் பிடிக்கவில்லை? காரணம் திறனில் இல்லை, முதலீட்டில் இருந்தது. பிளாஸ்டிக் கிட்டுக்கு எஃகு அச்சு வேண்டும். அச்சு விலை உயர்ந்தது. அதிலிருந்து ஆயிரக்கணக்கில் வார்த்து விற்றால்தான் போட்ட பணம் திரும்பும். கார் வைத்திருப்பதே கனவாக இருந்த நாட்டில் கார் பொம்மைக்கு அவ்வளவு சந்தை ஏது? ராஜபாளையத்தில் முதல் போட்டவர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். பி.ஏ.சி.ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார், நூற்பாலைகள் பெருகின, 1960-களில் சிமென்ட் வந்தது. நுணுக்கமான கடைசல் வேலை தெரிந்த ஆட்கள் மில் பட்டறைகளுக்குப் போனார்கள். ராமசாமி ராஜா பெயரிலான பாலிடெக்னிக்கில் மாணவர்கள் மரத்தில் கழுந்தும் துளையும் சேர்க்கக் கற்றது தேருக்காகவோ மாடலுக்காகவோ அல்ல, பாடத்திட்டத்துக்காக.

இறக்குமதிக்குக் கதவு ஒருக்களித்தே இருந்தது. பழைய அச்சுகள்தான் அதன் வழியே நுழைந்தன. பிரிட்டனின் டிங்கி கார்களின் பழைய அச்சுகள் 1960-களின் பிற்பகுதியில் கல்கத்தாவுக்கு வந்து, ‘நிக்கி’ என்ற பெயரில் பொம்மைக் கார்களாக வார்க்கப்பட்டன. அடிப்பாகத்தில் பழைய பெயரைச் சுரண்டிப் புதிய பெயரைப் பொறித்தார்கள். அதில் ஒன்று ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அசல் காரைச் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் செய்தது. அதன் பொம்மையை ஆங்கில அச்சில் கல்கத்தா செய்தது. இப்படி மூன்று ஊரின் கை பட்ட அந்தப் பொம்மையை இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள்.

இறக்குமதிப் பொருள்கள்மேல் இருந்த அளவுக் கட்டுப்பாடு 2001-ல் விலகியபின் கிட்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக வந்தன. அதுவும் நிலைக்கவில்லை. பொம்மைகளுக்கான சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60-க்கும், 2023-ல் 70-க்கும் ஏறியது. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். சுங்க அட்டவணையில் அளவு குறைத்த மாடல்களும் பொம்மைகளும் 9503 என்ற ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. உள்ளூர்ப் பொம்மைத் தொழிலைக் காக்க வந்த வரி, உள்ளூரில் ஏறக்குறைய யாருமே செய்யாத கிட்டின் மேலும் விழுகிறது.

வெதரிங் என்ற வேலை இந்தப் பொழுதுபோக்குக்குள் தாமதமாகத்தான் வந்தது. தொடக்கத்தில் எல்லாரும் மாடலைக் கடைக்காட்சிக் காராகவே முடித்தார்கள். 1970-களில் அமெரிக்கரான ஷெப்பர்டு பெய்ன், மோனோகிராம் கிட்டுகளை வைத்துப் போர்க்களக் காட்சிகளை, அதாவது டயோராமாக்களை, அமைத்தார். செய்முறைத் தாள் கிட்டுப் பெட்டிக்குள்ளேயே வந்தது. வண்டி தனியாக நிற்காமல், சேற்றிலும் இடிபாட்டிலும் மனிதர்களோடு நின்றது. அதைப் பார்த்தபின் பளபளப்பு பலருக்கு அலுத்துவிட்டது. வழிகள் எளியவை. நீர்க்கக் கரைத்த கரும்பழுப்பு வண்ணத்தை இடுக்குகளில் ஓடவிடுவது ஒன்று. தூரிகையை ஏறக்குறைய உலர்த்திவிட்டு விளிம்புகளில் மட்டும் தீற்றுவது மற்றொன்று. துருநிறத்தின் மேல் உப்புக்கல் தூவி, மேல்வண்ணம் அடித்து, உப்பைத் தட்டிவிட்டால் பெயர்ந்த பெயின்ட் கிடைக்கும்.

காட்சி அமைப்பது தமிழ் வீட்டுக்குப் புதிதா என்ன? நவராத்திரிக் கொலுவின் ஓரத்தில் சிறுவர்கள் கட்டும் ‘பார்க்’ இருக்கிறதே, அது அசல் டயோராமா. மணல் பரப்பி, கடுகும் கேழ்வரகும் முளைக்கவிட்டுப் புல்லாக்கி, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கி, சாக்பீஸ் தூளால் சாலை போட்டு, அதில் பொம்மைக் கார்களை நிறுத்துவார்கள். விளாச்சேரி மண்பொம்மை ஒன்று காரைவிட நாலு மடங்கு பெரிதாகப் பக்கத்தில் நிற்கும். அளவு விகிதத்தில் அந்தக் கலைஞர்களுக்கு நம்பிக்கை கிடையாது. மற்றபடி குறையொன்றுமில்லை.

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒருவர் இன்று ஒரு ஜீப் கிட்டையோ பழைய காரையோ எடுத்து வெதரிங் செய்ய உட்கார்ந்தால், வெளிநாட்டுச் செய்முறையை அப்படியே பின்பற்றுவது தவறு. அங்கே பனிக்காலத்தில் சாலையில் உப்பு கொட்டுகிறார்கள். சக்கரத்துக்கு மேல் துரு தின்னும். இது கடலிலிருந்து விலகிய வறண்ட நிலம். இங்கே வண்டியைத் தின்பது வெயில். பானட்டும் கூரையும் முதலில் வெளுக்கும், டேஷ்போர்டு வெடிக்கும், துரு கடைசியில்தான். தூசிக்கும் திசை உண்டு. மலையடிவாரத்து மாந்தோப்புக்குப் போய் வந்த ஜீப்பில் செம்மண் படியும். கிழக்கே சாத்தூர்ப் பக்கம் போய் மழையில் மாட்டிய வண்டியில் கரிசல் அப்பிக்கொள்ளும். காய்ந்தால் பாளமாகப் பெயரும். ஆலங்குளம் சிமென்ட் ஆலைப் பக்கம் ஓடிய லாரியின் மேல் சாம்பல்நிறப் பூச்சு. பஞ்சு ஏற்றிய வண்டியின் கீல்களில் வெள்ளை நூல் சிக்கியிருக்கும். ஒரே தாலுகாவைச் சுற்றி நாலு வகை அழுக்கு. இதைப் புட்டியில் அடைத்து எந்தக் கம்பெனியும் விற்பதில்லை; சல்லடையில் சலித்தால் தெருவிலேயே கிடைக்கும்.

பொம்மைக்கு வேண்டி விரும்பி ஏற்றும் இதே முதுமைதான் நிஜத் தேருக்கு எதிரி. வெயிலில் இலுப்பை வெடிக்கும். மழைத்தண்ணீர் துளைக்குள் இறங்கினால் கழுந்து உளுத்துப்போகும். கரையானுக்குச் சிற்பம், சட்டம் என்ற வேறுபாடு தெரியாது. முன்பு தேரோடி முடிந்ததும் கீற்று வேய்ந்து மூடிவைப்பார்கள். ஒரு தீப்பொறி போதும், மூடிய கீற்றே விறகாகிவிடும். இன்று பல ஊர்களில் இரும்புச் சட்டமும் தகடும் கொண்ட கொட்டகைகள் தேரைச் சுற்றி எழுந்துவிட்டன. தேர் பிழைக்கும்; ஆனால் வழிப்போக்கர் நின்று பார்த்த சிற்பங்கள் தகட்டுக்குப் பின்னால் போய்விட்டன. எண்ணெய் பூசும்போது கருமை ஏறுவது சரி. பெயின்ட் அடித்துப் பளபளக்கவைப்பது மட்டும் வேண்டாத வேலை. உளிபட்ட இடம் தெரியாமல் போனால் எந்தத் தச்சர் எங்கே ஒட்டுப் போட்டார் என்ற வரலாறும் அதோடு போகும்.

பெரிய தேருக்குக் கோயிலும் அறநிலையத் துறையும் ஊரும் இருக்கின்றன. சிறுதேருக்கு யாரும் இல்லை. இந்த வட்டாரத்து வீடுகளின் பரணில் ஆசாரி செய்த நடைவண்டியோ, மரச் சக்கர லாரியோ, கால் உடைந்த பொம்மைக் குதிரையோ இன்னும் கிடக்கும். பொங்கலுக்கு வீட்டை ஒழுங்குபடுத்தும்போது அதை அடுப்புக்கு அனுப்பிவிட வேண்டாம். எந்த மரம், எந்த ஊர்ப் பட்டறை, எந்த ஆண்டு என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதி அதோடு கட்டி வையுங்கள். வீட்டில் இடமில்லை என்றால் விருதுநகர் அரசு அருங்காட்சியகத்தில் கேட்டுப் பாருங்கள். புதுப் பெயின்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள்.